பதில்: குழாய்த் தண்ணீரில் புளோரைடு குறைவு, பற்களில் மட்டும் கறை ஏன்?

உங்கள் சோதனை தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் தெருக்குழாய் நீரில் புளோரைடு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்தான் வருகிறது, பெரியவர்களின் பற்களிலோ பழுப்புக் கறை என்கிறீர்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

அந்தக் குழாயில் வருவது பெரும்பாலும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர். திட்டம் 2013-இல்தான் தொடங்கியது. பல்லின் எனாமல் உருவாகும் முதல் எட்டு வயதுக்குள் குடித்த நீரில் புளோரைடு மிகுந்திருந்ததே இந்தக் கறைக்குக் காரணம். இன்றைய பெரியவர்கள் அன்று குடித்தது கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும். பாறையிலிருந்து புளோரைடு கரைவது அங்கேதான்.

இதைச் சரிபார்க்க:

1. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம் எந்த நீர் எந்த நாளில் ஏற்றப்படுகிறது என்று கேளுங்கள். பல ஊர்களில் காவிரி நீர் போதாதபோது போர் தண்ணீரையும் கலப்பார்கள்.

2. அதே தெருவின் கைப்பம்பிலும் மாதிரி எடுங்கள். டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு) மீட்டரில் இரண்டையும் ஒப்பிட்டால், கைப்பம்பில் வரும் ஆழ்துளை நீரின் டிடிஎஸ் பொதுவாகத் தெளிவாகவே அதிகமாக இருக்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலில் மட்டும் எடுங்கள். கண்ணாடியோடு புளோரைடு வினைபுரியும்.

ஒன்றில் கவனம் தேவை: டிடிஎஸ் கூடினால் புளோரைடும் கூடும் என்று எழுதிவிடாதீர்கள். அது நீரின் மூலத்தைப் பிரித்தறிய மட்டுமே உதவும். புளோரைடைத் தனியாக அளந்து, இந்தியத் தர நிர்ணயத்தின் 1.0 (மாற்று நீர் இல்லாவிட்டால் 1.5) மில்லிகிராம் வரம்போடு ஒப்பிடுங்கள். கோடையிலும் மழைக்குப் பின்னும் அளவு மாறும் என்பதால், மாதிரி எடுத்த மாதத்தை அறிக்கையில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.