கானாவின் அக்கான் மக்கள் முன்னோரை ஏன் வணங்குகிறார்கள்?

மறைந்த முன்னோரை அக்கான் மக்கள் 'நானானொம் ந்சமன்ஃபோ' என்கிறார்கள். இறந்தவர் எல்லாருக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை. நேர்மையாக வாழ்ந்து முதிர்ந்து மறைந்தவர்களுக்கே கிடைக்கும். தாய்வழிக் குலத்தின் நிலம் முன்னோருடையது, இன்றிருப்பவர்கள் அதன் காவலர்கள் என்பதுதான் இதன் அடிப்படை. பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடும்ப நிலத்தில் கைவைக்க நமக்கு மனம் வராதல்லவா? அந்த மரியாதை அங்கே இறப்புக்குப் பிறகும் தொடர்கிறது.

நல்ல தலைவர் மறைந்தால் அவருடைய மர ஆசனத்தைக் கருமையாக்கித் தனி அறையில் வைப்பார்கள். 42 நாள் சுழற்சியில் வரும் 'அடே' நாள்களில் அதற்கு மசித்த கிழங்கு படைத்து, தரையில் மது வார்த்து, மறைந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அந்த அழைப்புதான் என்னை மிகவும் நெகிழ வைப்பது.

முன்னோரையே கடவுளாக்கிவிட்டார்கள் என்று பலர் நினைப்பது தவறு: படைத்த கடவுள் அவர்களுக்கு ந்யாமே, முன்னோர் குடும்பத்துப் பெரியவர்கள்.