லண்டனிலிருந்து ஒரே நாளில் சைக்கிளும் நடையுமாகப் போய்வரக் கடலோர இடம் எது?

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், அடித்துப்பிடித்து ஓடாமல் ஒரு நாளைக் கழிக்க இடம் கேட்டிருக்கிறீர்கள். நான் டன்விச் ஹீத்தைத்தான் சொல்வேன். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் இருக்கிறது. ஹீத் என்றால் குறும்புதர்கள் மண்டிய திறந்தவெளி. உள்ளூரில் 'டன்னிச்' என்றுதான் சொல்கிறார்கள், வழி கேட்கும்போது உதவும்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து இப்ஸ்விச் போய், அங்கே லோஸ்டாஃப்ட் ரயிலுக்கு மாறி டார்ஷமில் இறங்க வேண்டும். ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டார்ஷமிலிருந்து வெஸ்டில்டன் வழியாகச் சுமார் 10 கி.மீ. பெரிய மேடு எதுவும் இல்லை. வெஸ்டில்டனில் வாத்துகள் நீந்தும் குளம் ஒன்று உண்டு. அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹீத்துக்கு வந்ததும் சைக்கிளைப் பூட்டி வைத்துவிடுங்கள். நடப்பவர்களுக்கென்று குறித்த பாதைகளில் ஓட்டக்கூடாது; அப்படியே ஓட்டினாலும் மணலில் சக்கரம் புதையும். அதைவிட, இந்த நிலத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து வெளி முழுக்க ஊதா. பக்கத்தில் போனால் ஒவ்வொரு ஹெதர் பூவும் அரிசி மணி அளவுக்குச் சின்ன மணி. அதன் வாய்க்குள் தேனீ தலையை நுழைக்க முடியாமல் நுழைத்துக்கொண்டிருக்கும். நான் ஒரு செடியின் முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மே மாதம் போனால் கார்ஸ் என்ற முட்புதர் மஞ்சளாகப் பூத்திருக்கும். வெயில் ஏறியதும் அதிலிருந்து வருவது, சத்தியமாக, அப்போதுதான் உடைத்த தேங்காயின் வாசனை. முதல் முறை முகர்ந்தபோது அப்படியே நின்றுவிட்டேன்.

இது தானாக உண்டான காட்டுவெளி என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தை வெட்டி, ஆடு மேய்த்து, முட்புதரை விறகுக்கு அறுத்து, பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் உண்டாக்கிய நிலம். நம் கணக்கில் முல்லையும் நெய்தலும் ஒட்டிக் கிடக்கும் இடம். மேய்ச்சல் நின்றால் பிர்ச் மரமும் பைன் மரமும் ஏறி மூடிவிடும். அதனால் இன்றும் அந்த மரக்கன்றுகளைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் காப்பாற்றுகிறார்கள். ஆகவே பாதையை விட்டு விலகாதீர்கள். பறவைகள் தரையிலேயே கூடு வைக்கும், விரியன் பாம்பும் உண்டு. கோடையில் ஒரு சிகரெட் நெருப்பு போதும், எல்லாம் போய்விடும்.

பழைய கடலோரக் காவலர் குடியிருப்புப் பக்கம் டீ குடித்துவிட்டு, தெற்கே இறங்கினால் மின்ஸ்மியர் என்ற பறவைகள் காப்பகம். இரண்டாம் உலகப் போரில், 1940-இல், எதிரிப் படை இறங்கிவிடக்கூடாது என்று, அப்போது மேய்ச்சல் நிலமாக இருந்த இந்த இடத்தில் தண்ணீரை விட்டார்கள். நாணல் வளர்ந்தது. 1947-இல், இங்கிலாந்தில் கூடு கட்டுவதை நிறுத்தி ஏறக்குறைய நூறு வருடமாகியிருந்த அவசெட் பறவை இங்கே திரும்பி வந்து குஞ்சு பொரித்தது. கறுப்பு வெள்ளை உடம்பு, மேல்நோக்கி வளைந்த ஊசி அலகு. அதைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசி வீசி இரை தேடும். தூரத்தில் சைஸ்வெல் அணுமின் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு டன்விச் ஊருக்குப் போங்கள். ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286 புயலில் தொடங்கி, கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டது. மிஞ்சிய பழைய தேவாலயமும் 1904 முதல் 1919 வரை துண்டு துண்டாகச் சரிந்தது. இன்று ஒரு தெரு, ஒரு மடத்தின் இடிந்த சுவர், கூழாங்கல் கரை, அவ்வளவுதான். அந்தக் கரையில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

அப்புறம் ஒன்று. ஜூன் மாத அந்தியில் பக்கிப் பறவை நூல் நூற்கும் ராட்டை சுற்றுவதுபோல விடாமல் ஒலிக்கும். அதைக் கேட்க வேண்டுமென்றால் லண்டன் ரயிலை மறந்துவிட்டு, வெஸ்டில்டனில் ஓர் அறை எடுத்துக்கொள்ளுங்கள்.