கராஜ் கதவுக்கு வயர்லெஸ் சென்சார்: அறைக் கதவில் ஒட்டும் அதே சென்சார் போதுமா?

முதலில் உங்கள் கதவு எப்படித் திறக்கிறது என்று பாருங்கள், பதில் அதில்தான் இருக்கிறது.

பேனல் பேனலாக மடிந்து மேலே போய்க் கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் கதவு என்றால் டில்ட் சென்சார் வாங்குங்கள். அறைக் கதவு சென்சார் காந்தம் ஒன்று, சென்சார் ஒன்று என்று இரண்டு துண்டாக வரும், காந்தம் விலகினால் கதவு திறந்துவிட்டது என்று சொல்லும். இதில் காந்தம் கிடையாது, ஒரே துண்டுதான். நிமிர்ந்திருந்தால் மூடியிருக்கிறது, சாய்ந்தால் திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதை மேல் பேனலின் உள்பக்கத்தில் பொருத்துங்கள், ஏனென்றால் கதவு கிளம்பியதும் முதலில் சாய்வது அந்தப் பேனல்தான். கை எட்டுகிறதே என்று கீழ்ப் பேனலில் வைத்தால், கதவு கிட்டத்தட்ட முழுக்க ஏறும் வரை அது பாட்டுக்கு "மூடியிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

சுருண்டு ஏறும் ஷட்டருக்கு டில்ட் சரிப்படாது, காந்த சென்சார்தான். காந்தம் அடிப் பட்டையில், சென்சார் பக்கத்துச் சுவரிலோ நிலையிலோ. ஆனால் அறைக் கதவுக்கு வரும் சாதாரண ரகம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிக்கு மேல் தாங்காது. ஷட்டரோ காற்றடித்தாலே ஆடும், போதாததற்கு இரும்புத் தகடு காந்தத்தின் பலத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அப்புறம் நடுராத்திரியில் சும்மாவே அலாரம் அலறும். அதிக இடைவெளி தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கி, காந்தத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டுங்கள்.

எனக்குத் தெரிந்து பலரும் கோட்டை விடுவது சிக்னலில். இரும்புக் கதவில் அப்பிக்கொண்டிருக்கும் சென்சாரின் ரேடியோ அலை வீட்டுக்குள் இருக்கும் ஹப் (சென்சாரின் தகவலை வாங்கிக்கொள்ளும் பெட்டி) வரை போய்ச் சேர வேண்டுமே. அதனால் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் டேப் போட்டு ஒட்டி, கதவு மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும், கார் உள்ளே நிற்கும்போதும் தகவல் வருகிறதா என்று பாருங்கள்.

கூடவே வரும் ஒட்டும் டேப்பை நான் நம்புவதில்லை. தூசி, வெயில், அதிர்வு மூன்றும் சேர்ந்தால் கழன்று விழுந்துவிடும். ஸ்க்ரூ போடுங்கள், ஆனால் குட்டையாக, இல்லாவிட்டால் மெல்லிய தகட்டைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்பிரிங், கேபிள், அடி மூலையில் கேபிளைப் பிடித்திருக்கும் பிராக்கெட், இவற்றின் ஸ்க்ரூவில் மட்டும் கை வைக்கவே வைக்காதீர்கள். கதவின் மொத்த பாரத்தையும் தாங்கும் இழுவிசை அங்கேதான் இருக்கிறது, விடுபட்டால் கை போய்விடும்.

டில்ட் சென்சாருக்கு ஒரு குறை உண்டு: கதவை ஒரு சாண் மட்டும் தூக்கி ஆள் உள்ளே நுழைந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். அதனால் கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு இருந்தால் அதற்கும் ஒன்று போட்டுவிடுங்கள். நீங்கள் கேட்ட சாதாரண சென்சார் அங்கே தாராளமாகப் போதும்.