இரண்டு சைக்கிள்களும் ஒரு கெட்டிமேளமும்

அன்புள்ள அண்ணா,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டும் ஒருவரிடம் வேலை செய்கிறேன். சாப்பாடு முடிந்த பிறகு ஒரு மணிநேரம் டிஜே நான்தான். பாரிசிலிருந்து வந்த மச்சான், ரிக்கார்டோ வில்லாலோபோஸ் என்ற டிஜேயின் இசைத்தட்டு ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். லண்டனில் உள்ள ஃபேப்ரிக் என்ற இரவு விடுதி வெளியிட்ட வரிசையில் 36ஆவது, 2007 இல் வந்தது. மச்சான் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். என் நண்பர்களில் ஒருவன், பத்து நிமிடமாக ஒரே சத்தம், ஒன்றும் நடக்கவில்லை என்கிறான். இன்னொருவன், டிஜே என்றால் பிறருடைய பாட்டுகளைக் கோக்க வேண்டும், இவர் முழுக்கத் தன்னுடையதையே போட்டிருக்கிறார், இதை மிக்ஸ் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறான். மூன்றாமவன், வன்னியில் இருக்கிற உனக்கு இது எதற்கு என்கிறான். அதுவும் சரிதானே அண்ணா? நானும் பஸ்ஸில் போகும்போது கைபேசியில் அங்கங்கே தாவித் தாவிக் கேட்டேன், பிடிபடவில்லை. பாட்டுகளை ஒட்டுவது உண்மையில் ஒரு கலையா? கடன் எடுத்து, கணினியோடு இணைத்துப் பாட்டுகளைக் கோக்கும் கருவியான கன்ட்ரோலர் ஒன்றை வாங்க யோசிக்கிறேன், வாங்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேளக்காரரை ஒழுங்குசெய்திருக்கவில்லை. மடிக்கணினியிலிருந்துதான் நாதஸ்வரம் வந்துகொண்டிருந்தது. ஐயர் கையை உயர்த்தினார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது, கெட்டிமேளத்தைக் காணவில்லை. பூவையும் அட்சதையையும் கையில் பொத்தி வைத்துக்கொண்டு சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கணினிக்குப் பின்னால் நின்ற பையன் தன் கைபேசியில் மூழ்கியிருந்தான். மூன்றாம் முடிச்சும் விழுந்து மணமகள் தலையை நிமிர்த்திய பிறகுதான் தவில் வெடித்தது. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மறுநாள் காலை உங்கள் கடிதம் வந்தது.

அந்தப் பையன் நீங்களாக இருக்கக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் வாசித்தேன்.

முதலில் உங்கள் மூன்றாவது நண்பருக்கு. அவர் சொன்னதைவிட, அதற்குக் கீழே நீங்கள் எழுதிய ‘அதுவும் சரிதானே’ என்ற சொற்கள்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தன. எது சரி? வன்னியில் பிறந்தவனுக்கு நெல்லும் குளமும் அழுகையும் போதும், உலகத்தில் மற்றவர்கள் காதுக்குச் செய்துவைத்திருப்பது எதுவும் வேண்டாம் என்று யார் உங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்? வெளியே இருந்து வருகிறவர்கள் நம்மை அப்படிப் பார்ப்பது போதாதா? வில்லாலோபோஸ் 1970 இல் சிலியின் சாந்தியாகோவில் பிறந்தவர். 1973 இல் இராணுவத் தளபதி பினோஷே ஆட்சியைப் பிடித்ததும் பெற்றோர் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார்கள். அங்கே வளர்ந்து, சிறுவனாகக் கொங்காவும் பொங்கோவும் தட்டிப் பழகி, பிறகு இயந்திரங்களுக்கு வந்தவர். அகதியாகப் போனவர் என்பதற்காக அவரை நமக்கு உறவாக்கப் பார்க்கவில்லை. ஊரை விட்டுப் போன ஒரு குழந்தைக்குக் கேட்கவும் செய்யவும் உரிமை இருந்தது, அதே உரிமை உங்களுக்கும் இருக்கிறது, அவ்வளவுதான். இனி இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற நண்பருக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஃபேப்ரிக் 1999 இல் திறந்தது. ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில், பழைய குளிர்களஞ்சியம் ஒன்றுக்குள் கட்டியது. அதன் பெரிய அறையில் ஆடும் தரைக்குள்ளேயே அதிர்விகளைப் பதித்திருக்கிறார்கள். கீழ்ச்சுருதி ஒலி உள்ளங்கால் வழியாக உடம்புக்குள் ஏறும். அப்படிப்பட்ட இடங்களுக்காகச் செய்த இசையை, பரந்தன் பஸ்ஸின் இரைச்சலுக்குள், கைபேசியின் நகத்தளவு ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறீர்கள். அதில் அடித்தாளம் வரவே வராது. வராத ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறீர்கள். அதுவும் தாவித் தாவி! முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து விடிய விடிய நடக்கும்போது யாராவது அரை மணிக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் சுற்றிச் சுற்றித்தான் ஆடுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றால் அண்ணாவியார் அவருக்கு என்ன பதில் சொல்வார்? இருந்து கேளுங்கள். நல்ல காதுப்பொறி ஒன்றை இரவல் வாங்குங்கள். இரவு, ஒரே இருப்பில், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. நடுப்பகுதி எனக்கும் நீளமாகத்தான் பட்டது. அது வேறு பேச்சு.

என் மனதில் கிடந்து உறுத்துவது இரண்டாவது நண்பரின் வாதம். டிஜே பிறருடைய பாட்டுகளைப் போட்டால், இவர் என்ன செய்தார், எல்லாம் மற்றவர்கள் செய்தது என்கிறார்கள். தன்னுடையதையே போட்டால், இது மிக்ஸ் இல்லை என்கிறார்கள். இந்த இரண்டு குற்றச்சாட்டும் ஒரே வாயிலிருந்து வருவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குருட்டுத்தனம். பாட்டுகள்தான் பொருள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் ஒட்டுப்பசை என்ற நினைப்பு. அந்த நடு இடத்தில்தான் டிஜே வேலை செய்கிறார். தட்டுகள் யாருடையவை என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. 36ஆவது தட்டில் ஒரு துண்டு எங்கே முடிந்து மற்றையது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்க முயன்று பார்த்தேன். மூன்று இடங்களில் தோற்றேன். ஒரு தாளம் தேய்ந்துகொண்டே இருக்கும்போது அதன் நிழலில் இன்னொன்று ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைச் செய்கிறவர் என்ன செய்தார் என்று கேட்பது, மாலை கட்டுகிறவரிடம் பூ யார் வீட்டுப் பூ என்று விசாரிப்பது.

நியூயோர்க்கில் 1960களின் கடைசியில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இசைத்தட்டு சுழலும்போதே அதை விரலால் பிடித்து நிறுத்தி, அடுத்த பாட்டைச் சரியான அடியில் விடுவிக்கும் வித்தையை வளர்த்தெடுத்தார். 1979 இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேசையில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவுத் தண்டு வைத்தார்கள். எட்டு வீதம் மேலே, எட்டு வீதம் கீழே. நிமிடத்துக்கு 125 தாள அடி போகிற பாட்டை 115க்கு இறக்கலாம், 135க்கு ஏற்றலாம். உலகத்து டிஜேக்களின் கை இரண்டு தலைமுறையாக அந்தத் தண்டில்தான் பழகியது.

நான் அந்தத் தண்டாக இருந்திருக்கிறேன் தம்பி. என் கால்கள்.

1997, ஸ்கந்தபுரம். பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, மின்சாரம் என்ற பேச்சே இல்லை. எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டிலில் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர். உங்களுக்கு அது தெரியாது. நமக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் வெற்றுக் கசற்றில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசற் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாடா முடியும் இடத்தில் ஒரு பாட்டும் அறுந்துவிடாமல், எதற்குப் பின் எது வந்தால் இருபத்தொன்பது நிமிடமும் சில நொடிகளும் வரும் என்று மனக்கணக்குப் போட்டு, தாளில் இருந்த வரிசையையே மாற்றித்தான் தருவார். அதற்காக அவரோடு சண்டை பிடித்தவர்கள் பிறகு அந்த வரிசையில்லாமல் அந்தப் பாட்டுகளைக் கேட்கமாட்டார்கள். இடப்பெயர்வோடு 1996 தொடக்கத்தில் கிளாலிக் கடலைத் தாண்டியபோது, அரிசி மூட்டைக்குரிய இடத்தில் கசற் போட்டுக் கேட்கும் இரண்டு பாட்டுப் பெட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அதற்கு வீட்டில் வாங்கிய ஏச்சை அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

சைக்கிளைப் பின் தாங்கியில் நிறுத்தினால் பின்சில்லு நிலத்தில் படாமல் சுழலும். சில்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டைனமோ ஆறு வோல்ட் தரும். நாலு பற்றரி போடும் பெட்டிக்கு வேண்டியதும் ஆறு வோல்ட்தான். நடுவில் நான்கு டயோட்டுகளும் ஒரு மின்தேக்கியும் வைத்துக் கட்டினால் பாட்டு வரும். ஆனால் உழக்குகிற காலில்தான் பாட்டின் உயிர் இருந்தது. கசற் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். கால் தளர்ந்தால் மோட்டார் தளரும், பாடுகிறவரின் குரல் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இறங்கும். உழக்கு, உழக்கு என்று சுற்றி நிற்கிறவர்கள் கத்துவார்கள். வன்னியில் அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேகமும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டியவை என்பதை யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. காலில் ஏறியிருந்தது.

அந்த வருடம் ஒரு கல்யாணம் நடந்தது. மேளக்காரர் இல்லை, வரவும் வழியில்லை. பெண்ணின் தாய் அவரிடம் வந்து, மேளச் சத்தம் இல்லாமல் என் பிள்ளைக்குத் தாலி ஏறக்கூடாது என்று அழுதார். அவர் இரண்டு பெட்டிகளையும் எடுத்தார். ஒன்றில் நாதஸ்வரக் கச்சேரிக் கசற். மற்றதில் கெட்டிமேளம். அந்தக் கசற்றைப் பென்சிலில் கோத்து, ஒரு பல், அரைப் பல் என்று சுற்றி, முதல் அடிக்கு மயிரிழை முன்னால் நிறுத்தி வைத்தார். நியூயோர்க்கில் விரலால் தட்டைப் பிடித்தவரின் பெயரை நான் வாசிக்க இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது. இரண்டு லுமாலாச் சைக்கிள்கள். ஒன்றில் அவருடைய மகன், மற்றதில் நான். எனக்குப் பதின்மூன்று வயது. நடுவில், நிலத்தில், சாக்கைப் போட்டு அவர் உட்கார்ந்தார். இடது கை ஒரு பெட்டியின் ஒலித் திருகியில், வலது கை மற்றதில்.

அவருடைய கண் ஐயரின் கையில் இருந்தது. ஐயர் மந்திரத்தை நீட்டினால் கச்சேரியை அப்படியே போகவிட்டார். ஐயர் தாலித் தட்டைத் தொட்டதும் எனக்குத் தலையை அசைத்தார். நான் உழக்கத் தொடங்கினேன், சத்தம் இல்லாமல், திருகி மூடியபடி, மோட்டார் வேகம் பிடிக்க. கை உயர்ந்த அந்தக் கணத்தில் இடது கை இறங்கியது, வலது கை ஏறியது, நாதஸ்வரத்தின் கடைசி இழுப்புக்கு மேலேயே தவில் வந்து விழுந்தது. நடுவில் ஒரு நூல் இடைவெளி இல்லை. பெண்ணின் தாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் சின்னப் பையன். தாலி கட்டுவதை எட்டிப் பார்த்தேன். கால் தளர்ந்தது, தவில் மெல்லத் தாழத் தொடங்கியது. அவருக்கு இரண்டு கைகளும் திருகிகளில். என்னைத் திட்டவில்லை. தன் தோளை என் முழங்காலோடு சேர்த்து, அடிக்கு அடி, அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என் கால் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறியது. தவிலும் ஏறியது. மூன்று முடிச்சும் விழுந்து முடியும் வரை அந்தத் தோள் விலகவில்லை.

இருபது வருடத்துக்கும் மேலாகிறது. அவர் பதிந்து தந்த கசற்றுகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன, பிறகு எல்லாமே எங்கெங்கோ போய்விட்டன. அவற்றின் அட்டையில் பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும். கோத்தவர் பெயரை அவரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான், இவர் என்ன செய்துவிட்டார் என்று யாராவது கேட்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. அந்தத் தகரப் பெட்டிக்குள் வந்த லண்டன் இசைத்தட்டில் கோத்தவரின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அந்த ஒரு காரியத்துக்காகவே அந்த வரிசையை எனக்குப் பிடிக்கும். 2001 இல் தொடங்கி 2018 இல் நூறோடு நிறுத்தினார்கள். நூறு முறை கோத்தவர்களின் பெயரை முன்னால் போட்டார்கள். இங்கே ஒருமுறைகூட நாம் போடவில்லை.

கன்ட்ரோலர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடன் எடுத்து வாங்காதீர்கள். நுண்கடன்காரர் படலைக்கு வந்து நிற்பதால் எத்தனை வீடுகளில் தாய்மார் ஒளிந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இருக்கிற கணினியே போதும், இலவச மென்பொருள்கள் உண்டு. அதில் இரண்டு பாட்டுகளின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் பொத்தான் ஒன்று இருக்கும். மூன்று மாதத்துக்கு அதைத் தொடாதீர்கள். காதால் பொருத்துங்கள், பிழைக்கட்டும், திரும்பப் பொருத்துங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அடுத்த கல்யாணத்தில் உண்மையான மேளம் வந்தால், உங்கள் பெட்டிகளை விட்டுவிட்டுத் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தாலி எடுக்கும் நேரம் அவர் ஐயரின் கையைப் பார்க்கிறாரா, நாதஸ்வரக்காரரின் கன்னத்தைப் பார்க்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா