தேதிக்குக் கீழே ஒரு எழுத்து: பிரிட்டிஷ் நாணயக் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விக்டோரியா காலத்துப் பென்னியைப் பற்றியவை. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். தங்கக் காசைப் பற்றிக் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழைய வெண்கலக் காசின் ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் பென்னிக்கான பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: என்னிடம் இரண்டு 1860 பென்னிகள் இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் உருண்டை மணிகள், மற்றதில் பல் பல்லாகக் கோடுகள். இதில் எது போலி? (லெஸ்டர் வாசகர்)

இரண்டுமே அசல்தான். 1860இல்தான் பிரிட்டன் செம்புக் காசை விட்டு வெண்கலத்துக்கு மாறியது. அதற்கு முன் பென்னி 34 மில்லிமீட்டர் அகலம், கையில் வைத்தால் நல்ல கனம். புதிய பென்னி 30.8 மில்லிமீட்டர், 9.45 கிராம்; எடை பாதியாகிவிட்டது. நூற்றில் 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம். இந்தக் கலவை வெறும் செம்பைவிடக் கடினம். லெனார்ட் சார்லஸ் வயன் செதுக்கிய அச்சுகள் நினைத்த அளவுக்கு உழைக்கவில்லை. அதனால் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். மணி விளிம்பு போய்ப் பல் விளிம்பு வந்ததும் அதே வருடத்தில்தான்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இரண்டு காசுகளையும் திருப்பிப் பாருங்கள். ராணி பக்கம் மணி, பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்) பக்கம் பல் என்று கலந்து வந்த காசுகள் உண்டு. பழைய அச்சும் புதிய அச்சும் ஒரே இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதால் பிறந்தவை. மிக அரிது. விற்பவர்களே பல நேரம் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சாதாரண விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஏலப் பட்டியல்களில் வரும் ஃப்ரீமேன் எண்ணும், அதாவது பிரிட்டிஷ் வெண்கலக் காசுகளை ஃப்ரீமேன் என்பவர் வகைப்படுத்திக் கொடுத்த எண்ணும், இந்த ஜோடியைத்தான் குறிக்கிறது. தலைப் பக்கத்து அச்சுகளுக்கு எண், பின்பக்கத்து அச்சுகளுக்கு எழுத்து. எந்த எண்ணோடு எந்த எழுத்து சேர்ந்தது என்பதை வைத்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஃப்ரீமேன் எண். முதலில் தலை சுற்றும். பத்துக் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் தேதியின் இலக்கங்களை அச்சில் கையால் அடித்துப் பதிப்பார்கள். கை என்றால் தவறும். 1862 பென்னி ஒன்றில் தேதி மட்டும் குட்டியாக இருக்கும். அரைப் பென்னிக்கான இலக்க ஊசியை எடுத்து அடித்துவிட்டார்கள். 1865இல் 5க்கு அடியில் 3 எட்டிப் பார்க்கும் காசு உண்டு. பழைய அச்சை வீணாக்க வேண்டாம் என்று மேலேயே புது இலக்கத்தை அடித்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு தொழிலாளி சுத்தியலைத் தூக்கிய அந்த ஒரு நொடி காசில் அப்படியே நிற்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான்.

கேள்வி: தேதிக்குக் கீழே எச் எழுத்து இல்லாத 1882 பென்னி கிடைத்திருக்கிறது. இது பெரிய அரிது என்கிறார்கள். நம்பலாமா? (குரோய்டன் வாசகி)

அரிது என்பது உண்மை. உங்கள் காசு அதுதானா என்பது வேறு கேள்வி.

எச் என்பது பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலையின் அடையாளம். 1882இல் லண்டன் டவர் ஹில்லில் இருந்த அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட்டைப் புதிய இயந்திரங்கள் பொருத்துவதற்காக மூடினார்கள். அந்த வருடத்து வெண்கலக் காசு வேலை ஹீட்டனுக்குப் போனது. அதனால்தான் எச் இருப்பது சாதாரணம், இல்லாதது அபூர்வம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாணயச் சந்தையில் நானும் எச் இல்லாத 1882 ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து விளக்கை மேலேயிருந்து காட்டாமல், மேஜையோடு மேஜையாகப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். தேதியின் நடுவுக்கு நேர் கீழே மட்டும் ஒரு மெல்லிய பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் ஒரே திசையில் ஓடும் முடி போன்ற கீறல்கள். சுற்றியிருந்த இடமெல்லாம் சாக்லேட் நிறத்தில் பழுத்திருக்க, அங்கே மட்டும் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. யாரோ எச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே நிறம் ஏற்றியிருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீங்களும் அதே மாதிரி வெளிச்சம் வைத்துப் பாருங்கள். காசு நன்றாகத் தேய்ந்திருந்தால் எச்சும் தேய்ந்தே போயிருக்கலாம். அப்படிப்பட்ட காசுதான் அதிகம் கிடைக்கும். தேதியும் பிரிட்டானியாவும் கூர்மையாக இருந்து, கீழே உள்ள தளம் சுற்றுப்புறத்தோடு சமமாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் மட்டும் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது அச்சு வகையையும் சோதித்துச் சொல்லும்படி தனியாகக் கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கேட்காவிட்டால் வெறும் 1882 பென்னி என்று எழுதி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஒரே வருடத்துப் பென்னி இரண்டு. ஸ்லாப்பில் ஒன்று எம்.எஸ். 64 ஆர்.பி., மற்றது எம்.எஸ். 64 ஆர்.டி. ஆர்.டி.க்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

ஸ்லாப் என்பது தரம் பார்க்கும் நிறுவனம் காசை வைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் டப்பா. எம்.எஸ். என்றால் புழக்கத்தில் தேயாத காசு, 64 அதன் தர எண். எண் ஒன்றுதான், வித்தியாசம் நிறத்தில். ஆர்.டி. என்றால் அச்சிட்ட நாளின் சிவப்பு ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. பி.என். என்றால் பழுப்பாகிவிட்டது. ஆர்.பி. இரண்டுக்கும் நடுவே. நடுவே என்பதுதான் சிக்கல், ஏனென்றால் அந்த வட்டம் மிகப் பெரியது. பாதிக்கு மேல் தீ போலச் சிவந்த ஆர்.பி.யும் உண்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும் ஆர்.பி.யும் உண்டு. நான் நல்ல ஆர்.பி.யைத்தான் எடுப்பேன். செம்பும் வெண்கலமும் ஸ்லாப்புக்குள் போனாலும் காற்றையும் ஈரத்தையும் முழுதாக மறப்பதில்லை. சிங்கப்பூர் ஈரத்தில் இன்றைய சிவப்பு பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று நம்பி இரண்டு மடங்கு கொடுக்க எனக்கு மனம் வராது.

ஷெல்டன் அளவுகோல் 1949இல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக வந்தது. 1 முதல் 70 வரை. தரம் பார்க்கும் நிறுவனங்களான என்.ஜி.சி.யும் பி.சி.ஜி.எஸ்.ஸும் அதையே எல்லா நாட்டுக் காசுக்கும் வைக்கின்றன. பிரிட்டனில் பழைய ஆட்கள் இன்னும் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றுதான் பேசுவார்கள். எந்த மொழியில் சொன்னாலும், காசைச் சாய்த்துச் சுழற்றும்போது ஒளி சக்கரத்தின் ஆரம் போலக் கூடவே சுழல வேண்டும். ராணியின் காதுக்கு மேலே உள்ள முடியிலும் பிரிட்டானியாவின் முழங்காலிலும் அந்த ஒளி அறுந்தால், காசு கை மாறியிருக்கிறது.

ஸ்லாப்பே போலியாக வருகிறது. டப்பாவில் உள்ள பதிவு எண்ணை நிறுவனத்தின் இணையத் தளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, அசல் எண்ணையே போலி டப்பாவில் ஒட்டிவிடுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால் அதில் உள்ள புள்ளி, கீறல் எல்லாம் உங்கள் கையில் உள்ள காசிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பாட்டியின் காசுமாலையில் இருந்த ஒரு 1918 சவரன் என்னிடம் வந்திருக்கிறது. குதிரைக்குக் கீழே தரையில் சின்னதாக ஒரு ஐ எழுத்து. நகைக்கடையில் எடைக்குத்தான் விலை என்கிறார்கள். வளையத்தை எடுத்துவிட்டு, பாலிஷ் போட்டு, தரத்துக்கு அனுப்பலாமா? (காரைக்குடி வாசகி)

அம்மா, தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

முதலில் அந்த ஐ. அது இந்தியாவைக் குறிக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் பம்பாயில் ராயல் மின்ட் ஒரு கிளை நடத்தியது. அங்கே சவரன் அடித்தது 1918 என்ற ஒரே தேதியில்தான், சுமார் 13 லட்சம். அதே 1918இல் பம்பாயில் பதினைந்து ரூபாய்த் தங்கக் காசும் அடித்தார்கள். எடையும் அளவும் சவரனுக்குச் சமம். சேகரிப்பவர்கள் அதைத்தான் இன்னும் தீவிரமாகத் தேடுகிறார்கள். பாட்டியின் மாலையில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று மற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாம் நகைக்கடையில் எட்டு கிராமைச் சவரன் என்று சொல்வதே இந்தக் காசை வைத்துத்தான்: 7.988 கிராம், 22 காரட்.

வளையம் பற்றவைத்த காசுக்குத் தர எண் கிடைக்காது. எடுத்தாலும் பற்றவைத்த தடம் ஓரத்தில் நிற்கும். 'டீட்டெய்ல்ஸ்' என்று மட்டும் போட்டு, நகையில் இருந்தது என்று காரணத்தையும் எழுதிவிடுவார்கள். பாலிஷ் போட்டால் இருக்கிற மேல்பரப்பும் போய்விடும். புளி, சோடா உப்பு, பற்பசை எதுவுமே வேண்டாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நீங்கள் இதை வளையத்தோடு, பாட்டி போட்ட மாதிரியே வைத்திருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: சில்லறையில் வருடமே இல்லாத 20 பென்ஸ் வந்தது. (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

அசலாக இருக்கலாம். 2008இல் கேடயத்தின் துண்டுகள் போன்ற புது வடிவம் வந்தபோது, தேதி பின்பக்கத்திலிருந்து ராணி பக்கத்துக்கு இடம் மாறியது. பழைய ராணி அச்சும் புதிய கேடய அச்சும் ஜோடி சேர்ந்ததில் இரண்டு பக்கமும் தேதி இல்லாமல் போய்விட்டது. பின்பக்கம் கேடயமாக இருந்தால் எடுத்து வையுங்கள். முடி சூடிய ரோஜா (பழைய பின்பக்க வடிவம்) இருந்து தேதி மட்டும் காணவில்லை என்றால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். சில்லறையில் அடிபட்டதைத் தரத்துக்கு அனுப்பாதீர்கள். கட்டணம் காசின் விலையையே தின்றுவிடும்.

கேள்வி: நியூ பென்ஸ் என்று எழுதிய 2 பென்ஸ் ஆயிரக்கணக்கில் போகுமாமே? என்னிடம் 1971, 1975, 1980 இருக்கின்றன.

போகாது. 1981 வரை எல்லா 2 பென்ஸிலும் அந்த வார்த்தைதான். 1982இலிருந்து டூ பென்ஸ். 1983 தேதியோடு நியூ பென்ஸ் இருந்தால் மட்டுமே விஷயம். அதுவும் சேகரிப்பாளர்களுக்கான பெட்டித் தொகுப்புகளில் வந்ததுதான்.

கேள்வி: இணையத்தில் 1933 பென்னி 40 பவுண்டுக்கு வருகிறது.

வேண்டாம். அந்த வருடம் புழக்கத்துக்கென்று பென்னியே அடிக்கவில்லை, கையிருப்பு போதுமானதாக இருந்தது. இன்று தெரிந்தவை ஏழு அளவில்தான். கட்டட அடிக்கல்லில் வைப்பதற்கென்றே சில அடித்தார்கள்; அப்படி லீட்ஸ் பக்கம் மிடில்டனில் ஒரு தேவாலயத்தில் வைத்ததை 1970இல் திருடிக்கொண்டு போனார்கள். 40 பவுண்டுக்கு வருவது நகல், இல்லையென்றால் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றிய வேறு வருடக் காசு.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. லென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எந்தக் காசில் தொடங்கட்டும்? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

ஸ்லாப் எதுவும் வேண்டாம். கடையில் குவியலாகக் கிடக்கும் எட்வர்டு மன்னர் காலத்துப் பென்னிகளில் 1902 தேதியுள்ளதாக ஐந்தாறு வாங்கிக் கொடுங்கள். எல்லாம் சேர்த்தே அதிகம் ஆகாது. பிரிட்டானியாவுக்குப் பின்னால் கடல் ஒரு கோடாக ஓடும். சில காசுகளில் அந்தக் கோடு அவள் கால்கள் குறுக்கிடும் இடத்துக்கு நேராக வரும். சிலவற்றில் கடல் இறங்கி, ஆடையின் கீழ் ஓரத்துக்கு நேராக நிற்கும். சேகரிப்பாளர்கள் இதைத் தாழ் ஓதம் என்ற பொருளில் லோ டைட் என்கிறார்கள், இதுதான் குறைவு. எதுவும் சொல்லிக் கொடுக்காமல் காசுகளை மேஜையில் பரப்பி வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழட்டும். எதில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொல்லட்டும். கண்டுபிடித்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.