புயல் அடித்த ஊருக்கு எதை அனுப்பலாம்?

"புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு எங்கள் அப்பார்ட்மெண்டில் பொருட்கள் திரட்டுகிறோம், என்னென்ன அனுப்பலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போய், வாட்ச்மேன் அறையில் பழைய துணி மூட்டைகள் சேரத் தொடங்கியிருக்கும். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் ஊரில் வீட்டு ஓடும் போனது, தென்னந்தோப்பும் போனது. கரண்ட் திரும்ப வர வாரக்கணக்கில் ஆனது.

நிவாரண லாரிகள் வராமல் இல்லை. ஆனால் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. உள்ளே வரும் பாதை முழுக்க மரம் விழுந்து கிடந்தது. ரோட்டோரத்து ஊர்களில் பிரட் பாக்கெட் பூஞ்சை பிடித்துக் கிடக்க, உள்ளே இருந்த குடியானத் தெருவுக்கும் காலனிக்கும் ஒன்றும் வந்து சேரவில்லை. வந்த துணி மூட்டைகளைப் பிரித்தால் அந்துருண்டை வாசத்தோடு ஜரிகைச் சேலை, ஜிப் அறுந்த ஜீன்ஸ். மாற்று உடுப்பு இல்லாமல் ஈரத்தோடு நின்ற பெண்களுக்குத் தேவைப்பட்டது பாவாடை, உள்ளாடை, நாப்கின். அதெல்லாம் புதிதாக வாங்கித்தான் தர முடியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் பழந்துணி ரோட்டோரம் குவிந்துதான் கிடந்தது.

"கொடுத்ததைக் குறை சொல்கிறான் பார், நன்றி கெட்டவன்" என்று கீழே எழுத ஆள் வருவார்கள். வரட்டும். எனக்கு நன்றி இருக்கிறது. திருப்பூரிலிருந்து வந்த பையன்களை இன்றும் எங்கள் ஊரில் பேசுகிறார்கள். எங்கள் ஊர் வாத்தியாரிடம் போனில் கேட்டுவிட்டு, குட்டியானையில் ஜெனரேட்டரும் மரம் அறுக்கிற மெஷினும் ஏற்றி வந்தார்கள். வழியில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்து, போர் மோட்டாருக்கு லைன் கொடுத்து, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். தெருக்குழாயில் தண்ணீர் விழுந்ததும் எங்கள் சித்தி அந்தப் பையன்களில் ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி, டார்ச், பாய், போர்வை, பால்பவுடர் இவையும் அவர்கள் வண்டியில் இருந்தன. விறகெல்லாம் நனைந்து கிடந்த ஊரில் அரிசி மூட்டையை விட அவைதான் உடனே உதவின.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கூரையில்லாத வீட்டு வாசலில் கடன் வசூலிக்கிற ஆட்கள் வந்து நின்று, மகளிர் குழுக்கடன் தவணையைக் கட்டு என்று எங்கள் தெருப் பெண்களிடம் கேட்டார்கள். அரசு விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடமாகும். அதுவரை வாரத் தவணைக்கு அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் திரட்டுகிற பணம் முழுவதையும் முதல் வாரமே செலவழித்துவிடாதீர்கள். உள்ளடங்கிய ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே பள்ளிக்கூட வாத்தியாரோ ரேஷன் கடைக்காரரோ ஒருவரைப் பிடித்து, கேட்டு அனுப்புங்கள். லாரிகள் வருவது நின்ற பிறகு, ஒரு மாதம் கழித்து, அதே ஆளுக்கு மறுபடி போன் போடுங்கள். கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமா, தென்னங்கன்றா என்று அப்போது அவரே சொல்வார்.