பயனாளிகள் பட்டியலும் அந்தரங்க உரிமையும்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊராட்சியில் வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்குப் பணம் போயிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். ‘இது தனிநபர் தகவல், டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தர இயலாது’ என்று பதில் வந்துவிட்டது. 2017 அந்தரங்கத் தீர்ப்பை நீங்கள் வரவேற்றவர். அப்படியென்றால் இந்தப் பதிலும் சரிதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. அந்தத் தீர்ப்பை இன்றும் வரவேற்கிறேன், அதனால்தான் இந்தப் பதில் எனக்குக் கோபமூட்டுகிறது.

ஆதாரை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றம் போனவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. கோடிக்கணக்கானவர்களின் கைரேகையை அரசு சேர்த்துவைப்பதற்கு எல்லை என்ன என்பதே கேள்வி. அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். அரசிடமிருந்து குடிமக்களைக் காக்க வந்த தீர்ப்பு அது. இன்று உங்கள் ஊராட்சி அதே உரிமையைச் சொல்லி உங்களிடமிருந்து கணக்கை மறைக்கிறது.

2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தனிநபர் தகவலை முன்பும் பாதுகாத்தது. ஆனால் பொது நடவடிக்கையோடு தொடர்புள்ளதை அதைக் காட்டி மறுக்க முடியாது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக்கூடாது என்ற வரியும் அந்தச் சட்டத்தில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வரி. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இவை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது இதுவும் நடைமுறைக்கு வந்தது.

பெயர் இல்லாமல் கணக்கு மட்டும் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதல் பொது விசாரணையை நடத்தியது. அங்கும் அடுத்தடுத்த ஊர்களிலும் கூலிப் பதிவேடுகளைச் சனங்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, செத்துப்போனவர் பெயரில் கூலி. கூட்டத்தில் இருந்தவர்களே எழுந்து சொன்னார்கள். பெயரை எடுத்துவிட்டால் அங்கே யார் எதைச் சொல்லியிருக்க முடியும்? தகவல் உரிமைச் சட்டமே இப்படிப் பெயர்களைப் படித்த கூட்டங்களிலிருந்து வளர்ந்ததுதான்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் வெளியே வரக்கூடாது. மோசடிக்காரர்கள் கையில் அவை கிடைத்தால் ஏழைகளின் பணம் போய்விடும். அவற்றை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 10 வழி சொல்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது: பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிடவேண்டும் என்கிற பிரிவு 4(1)(பி) இன்னும் இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற 8(2)உம் இருக்கிறது. இரண்டையும் எண்ணோடு குறிப்பிடுங்கள். அங்கும் மறுத்தால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். முதல் மேல்முறையீட்டின் நகலை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.